அம்மை என்று சொன்னவள்

தமிழரசை அம்மன் எடுத்துக்கொண்டாள் என்று முதலில் சொன்னது அவனைப் பெற்ற நாகம்மாள் அல்ல; அவள் தம்பி அப்பாவு. இருபத்தோரு வயதுப் பிள்ளையைக் கொல்லையிலேயே குழி வெட்டி இறக்கிவிட்டு, கையில் ஒட்டிய மண்ணைக்கூடக் கழுவாமல் வாசலுக்கு வந்தவன், கூடி நின்ற ஊரைப் பார்த்துச் சொன்னான்.

"எங்க ஊட்டுப் புள்ளைய ஆத்தா கேட்டா. குடுத்துட்டோம். அவ எடுத்துகினு போனதுக்கு நாம இன்னாத்துக்கு அழணும்?"

அதுவரை மார்பில் அறைந்துகொண்டிருந்த நாகம்மாளின் கை அப்படியே நின்றது. தம்பியை அண்ணாந்து பார்த்தாள். வெள்ளத்தில் போகிறவள் கைக்கு ஒரு கிளை கிடைத்ததுபோல அந்தச் சொல் கிடைத்தது. பிடித்துக்கொண்டாள். ஒன்பது ஆண்டுகள் அதை விடவே இல்லை.

நெமிலிச்சேரியில் ஏர் ஓட்டிய பழைய குடும்பங்களில் அது ஒன்று. அந்தக் குடும்பத்தில் பெண்ணை வெளியே கொடுத்த வழக்கம் கிடையாது. சொந்தத்தில் கொடுத்தால் சொத்தும் வெளியே போகாது, வீட்டுச் சங்கதியும் வெளியே போகாது என்பார்கள். நாகம்மாளையும் அவள் தாய்மாமன் சம்பத்துக்குத்தான் கட்டி வைத்தார்கள். நிலமெல்லாம் மனைகளாகி, மனைகளெல்லாம் மாடிகளான பிறகு சம்பத்துக்கு மிஞ்சியது நாலு கறவை மாடு. நாகம்மாளுக்கு மிஞ்சியது கிணற்றடியில் இரண்டு பாத்தி கீரை. காலையில் பறித்து, கட்டி, ரயில் நிலையப் படிக்கட்டுக்கு அருகில் சாக்கு விரித்து உட்கார்ந்தால் பத்து மணிக்குள் விற்றுவிடும்.

தமிழரசுக்கு வலிப்பு இருந்தது. இது அந்த வீட்டில் இரண்டு பேருக்கு மட்டும் தெரியும். திருவள்ளூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்த புதிதில், மாட்டுக் கொட்டகையில் கைகால் வெட்டி விழுந்தான். வீட்டில் வயசுக்கு வந்த பெண் ஒருத்தி இருக்கிறாள். வலிப்பு வீடு என்று பெயர் விழுந்தால் அவளை யார் கட்டுவான்? பெற்றவர்கள் இருவரும் பையனைப் பூந்தமல்லியில் முகம் தெரியாத ஒரு மருத்துவரிடம் அழைத்துப் போனார்கள். அவர் ஒரு மாத்திரை கொடுத்தார். வலிப்பு நின்றது. இரண்டு மூன்று வாரம் கழித்துக் காய்ச்சல் வந்தது. கண் சிவந்தது. உதடு வெந்தது. உடம்பெல்லாம் சிவப்புச் சிவப்பாகத் தடித்து, நீர் கோத்து நின்றது.

"ஆத்தா வந்துட்டா" என்றாள் நாகம்மாள்.

வாசல் நிலையில் வேப்பிலை சொருகினார்கள். அடுப்பில் தாளிப்பு நின்றது. அவன் தங்கை, பதினைந்து வயது தேவிப்பிரியாவைக் குத்தம்பாக்கத்தில் மாமன் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அம்மை கண்ட உடம்புக்கு மருந்து கொடுக்கக் கூடாது என்பது ஊர் வழக்கம். அந்த வழக்கத்தை நாகம்மாள் ஒரே ஒரு விஷயத்தில் மீறினாள். அம்மையைப் பார்க்க வருகிறவர்கள் முன்னால் பிள்ளைக்கு வலிப்பு வந்துவிட்டால்? அதனால் அந்த மாத்திரையை மட்டும் பொடி செய்து, இளநீரில் கலந்து, வேளை தவறாமல் ஊட்டினாள். கணவனுக்கும் தெரியாமல் ஊட்டினாள்.

அவனுக்கு வந்தது அம்மை அல்ல. அந்த மாத்திரைதான் அவனை உள்ளிருந்து எரித்துக்கொண்டிருந்தது. மருந்து என்று நினைத்து அதையே மேலும் மேலும் ஊட்டிய கை, பெற்ற கை. இதைவிடக் கொடுமை ஒரு தாய்க்கு நேர முடியுமா? ஆனால் அது அவளுக்குத் தெரியாது. சொல்லவும் ஆள் இல்லை. ஆஸ்பத்திரி வாசலையே மிதிக்காமல் அவன் போய்விட்டான்.

புதைத்த இடத்தில் அப்பாவு ஒரு கல்லை நட்டு மஞ்சள் பூசினான். அருகில் வைத்த வேப்பங்கன்று மளமளவென்று வளர்ந்தது. பிள்ளை இல்லாதவள் ஒருத்தி வந்து தொட்டில் கட்டினாள். மறு ஆண்டு பிள்ளையோடு வந்தாள். அவ்வளவுதான், கல் கோயிலாகிவிட்டது. அடுக்குமாடிக்காரர்கள்கூட ஞாயிற்றுக்கிழமை பால் கொண்டுவந்து ஊற்றினார்கள். ஆடி மாதம் அப்பாவு தன் தண்ணீர் லாரியிலேயே பந்தல் கழியும் அண்டாவும் ஏற்றிக்கொண்டு வருவான். மைக் செட் அலறும். நாகம்மாள் மஞ்சள் புடவையில் நின்று கூழ் ஊற்றுவாள். பெரிய பெரிய ஆட்கள் காலில் விழுவார்கள். ரயில் நிலையப் படிக்கட்டில் அவளிடம் யாரும் கீரைக்குப் பேரம் பேசுவதில்லை. "அம்மன் ஊட்டு அம்மா கை பட்ட கீரை" என்று இரண்டு கட்டு கூடவே வாங்கிப் போனார்கள்.

மகனைக் கொடுத்து வாங்கிய மரியாதை அது. அதன் மேல்தான் அவள் உட்கார்ந்திருந்தாள்.

தேவிப்பிரியா வளர்ந்து படித்து அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் வேலைக்குப் போனாள். அங்கே உடன் வேலை பார்த்த வெங்கட்டை விரும்பினாள். சொந்தத்துக்கு வெளியே அந்தக் குடும்பத்தின் முதல் கல்யாணம். அப்பாவு முதலில் குதித்தான். பிறகு, "போவட்டும்கா. பையன் ஆவடி குவார்ட்டர்ஸ்காரன். அப்பன் பேக்டரில கவருமெண்டு வேல பாத்தவன். கொறச்ச இன்னா?" என்று அவனே முன்னின்று பேசி முடித்தான்.

வெங்கட்டின் தாய் ஜெகதாம்பாள் மானாமதுரைப் பக்கத்துப் பெண். தொழிற்சாலை வேலைக்கு வந்த கணவனோடு ஆவடிக்கு வந்து, அவர் போன பிறகும் பேச்சில் ஊரை விடாதவள். மனசில் பட்டதைச் சத்தமாகச் சொல்லிவிடுவாள். நாகம்மாளுக்கு அவளைக் கண்டால் ஒரு நடுக்கம். எதைக் கண்டுபிடித்துவிடுவாளோ என்ற நடுக்கம்.

முகூர்த்தப் புடவை எடுக்கப் போன கடையில், விரித்துப் போட்ட பட்டுகளின் நடுவே தேவிப்பிரியா விழுந்தாள். கைகால் வெட்டியது. வாயில் நுரை தள்ளியது. நாகம்மாள் அலறிக்கொண்டு நின்றாள். ஜெகதாம்பாள்தான் குனிந்து பெண்ணை ஒருக்களித்துப் படுக்க வைத்து, கழுத்துச் சங்கிலியைத் தளர்த்தினாள்.

"சாவிக்கொத்தெல்லாம் குடுக்காதீக. வேண்டாம், வேண்டாம். தானா நிக்கும். ஆட்டோவக் கூப்புடுங்க சம்பந்தி."

ஆஸ்பத்திரியில் மருத்துவர் கங்காதரன் ஸ்கேன் படங்களைப் பார்த்தார். பெண்ணைப் பார்த்தார். பிறகு நாகம்மாளைப் பார்த்தார். பக்கத்து நாற்காலியில் ஜெகதாம்பாள் உட்கார்ந்திருந்தாள், பெண்ணின் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு.

"வீட்ல வேற யாருக்காவது வலிப்பு உண்டாம்மா?"

நாகம்மாள் திரும்பிப் பார்த்தாள். பக்கத்தில் சம்பந்தி. இன்னும் ஐந்து வாரத்தில் கல்யாணம்.

"எங்க பரம்பரையிலயே ஒர்த்தருக்கும் கெடையாது சார்."

"ஏதாவது மாத்திரை சாப்பிட்டு யாருக்காவது உடம்பெல்லாம் தடிப்பு, கொப்புளம்னு வந்திருக்கா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. நான் எழுதப் போற மாத்திரை நல்ல மாத்திரைதான். ஆனா சில குடும்பத்துக்கு ஒத்துக்காது."

"மாத்திர சாப்ட்டு ஒண்ணும் வந்ததில்ல சார்."

முதல் பதில் பொய். இரண்டாவது பதில், அவள் அறிந்த வரையில் சத்தியம். அவள் பிள்ளைக்கு வந்தது அம்மை. ஊரே சொல்கிறது, கல்லே நிற்கிறது. அந்தப் பொய்யும் அந்தச் சத்தியமும் கைகோத்துக்கொண்டு அவர் பேனாவை நகர்த்தின. தமிழரசுக்குப் பூந்தமல்லியில் எழுதிய அதே மாத்திரையை அவர் தேவிப்பிரியாவுக்கு எழுதினார்.

வெளியே வந்ததும் ஜெகதாம்பாள் நாகம்மாளின் தோளைத் தட்டினாள்.

"ஏன் சம்பந்தி இப்படி வேர்க்குது ஒங்களுக்கு? பிள்ளைக்கு மாத்திரை குடுத்தாச்சு, சரியாப் போகும். இதுக்கெல்லாமா ஒரு கல்யாணம் நிக்கும்?"

அப்போதாவது சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்த வார்த்தையை நாகம்மாள் விழுங்கிக்கொண்டாள். "வெய்ய தாங்கல சம்பந்தி" என்றாள்.

பத்திரிகை கொடுத்துக்கொண்டிருந்த வாரத்தில் தேவிப்பிரியாவுக்குக் காய்ச்சல் கண்டது. மறுநாள் கண் சிவந்தது. அதற்கு மறுநாள் காலையில் அவளால் வாயைத் திறக்க முடியவில்லை. கழுத்திலும் மார்பிலும் செந்தடிப்பு ஏறியிருந்தது.

நாகம்மாள் பார்த்தாள். போய் வேப்பிலை ஒடித்து வந்து நிலையில் சொருகினாள்.

"இன்னாடி இது?" என்றான் சம்பத், பால் கேனோடு வாசலில் நின்று.

"அவ வந்துகிறா. கல்யாணத்துக்கு மின்ன அவளுக்குப் பொங்க வெக்கல நாம. அதான் கேக்க வந்துகிறா."

"ஆஸ்பத்திரிக்கு இட்டுனு போலாம் நாகு. ஒரு தபா அனுபவிச்சது போறாதா?"

"வாய மூடுய்யா. ஆத்தா ஒக்காந்துகினு கீற ஊட்ல ஆஸ்பத்திரி பேச்சு பேசாத. கோவம் ஏறிச்சுன்னா இதயும் இட்டுனு பூடுவா."

சம்பத் அதற்கு மேல் பேசுகிற மனிதன் இல்லை. மாடுகளிடம் போய்விட்டான். நாகம்மாள் மாத்திரையை நிறுத்தவில்லை. மணமேடையில் பெண் விழுந்துவிட்டால் என்ற பயம் அவளை அன்றும் ஆட்டி வைத்தது. வாய் திறக்க முடியாத பெண்ணுக்கு நீர்மோரில் கரைத்துத் தேக்கரண்டியால் புகட்டினாள்.

இரண்டு நாள் கழித்து ஜெகதாம்பாள் மகனை அழைத்துக்கொண்டு பழக்கூடையோடு வந்தாள். வாசலில் நாகம்மாள் குறுக்கே நின்றாள்.

"உள்ள வராதீங்கோ சம்பந்தி. அம்மா போட்டுகீது. வெளியாள் நெழலு படக்கூடாது."

"எனக்குப் போட்டாச்சு சின்ன வயசுலயே. நகருங்க. எங்க வீட்டுக்கு வரப்போற பிள்ள, நான் வெளியாளா?"

"சொன்னா கேளுங்கோ."

ஜெகதாம்பாள் கேட்கவில்லை. பழக்கூடையைத் திண்ணையில் வைத்துவிட்டு உள்ளே போனாள். அடுத்த நிமிடம் அவள் போட்ட சத்தத்தில் மாடுகள் மிரண்டு கயிற்றை இழுத்தன.

"அடிப் பாவி! இதையா அம்மைங்கிற? தொட்ட எடத்துல தோலு கையோட வருதே! எந்த அம்மையில இப்படி உரியும்? டேய் வெங்கட்டு, வண்டியக் கொண்டாடா!"

நாகம்மாள் கதவை மறித்து, "எம் பொண்ண தூக்காத! ஆத்தா பழி ஒன்ன சும்மா வுடாது!" என்று கதறினாள். ஜெகதாம்பாள் அவளை ஒரே தள்ளாகத் தள்ளினாள். "பழி எனக்கு வரட்டும், பிள்ள எனக்கு வேணும்" என்று படுக்கையில் விரித்திருந்த வாழையிலையோடு சுருட்டிய உடம்பைத் தானே ஒரு பக்கம் பிடித்துக்கொண்டாள்.

பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் தீக்காயம் பட்டவர்களைப்போல அவளைக் கொசுவலைக்குள் கிடத்தினார்கள். தோல் மருத்துவர் மைதிலி வெளியே வந்தபோது தாழ்வாரத்தில் நாகம்மாள், சம்பத், ஜெகதாம்பாள் மூவரும் நின்றிருந்தார்கள்.

"இது அம்மை இல்லை. வலிப்பு மாத்திரையோட வேலை. தடிப்பு வந்த அப்புறமும் கொடுத்துக்கிட்டே இருந்திருக்கீங்க."

"அது டாக்டர் குடுத்த மாத்திரைமா" என்றாள் நாகம்மாள்.

"மாத்திரை மேல தப்பில்லை. ஆயிரம் பேர் இதை விழுங்கிட்டு நல்லா இருக்காங்க. சிலபேரோட உடம்பு மட்டும் இந்த மாத்திரையை எதிரியா நினைச்சுச் சண்டை போடும். அந்தச் சண்டையில தன்னோட தோலையே கொளுத்திக்கும். அது பிறக்கும்போதே ரத்தத்துல வர்ற ஒரு கூறு. உங்க கண்ணு, மூக்கு பொண்ணுக்கு வந்திருக்கில்ல? அந்த மாதிரி, அப்பா வழியாவோ அம்மா வழியாவோ வரும். நீங்க ரெண்டு பேரும் சொந்தமா?"

"எனக்கு மாமன்."

மைதிலி தலையை ஆட்டினார். "அப்ப ரெண்டு பக்கமும் இருக்கலாம். நல்லா ஞாபகப்படுத்திச் சொல்லுங்க. இதுக்கு முன்னாடி உங்க வீட்ல யாருக்காவது இப்படி ஆயிருக்கா?"

ஜெகதாம்பாளின் பார்வை நாகம்மாளின் முகத்தில் இருந்தது.

"பெரிய புள்ள... அவன ஆத்தா எடுத்துகினா."

"இதே மாதிரி தோல் உரிஞ்சுதா? அப்ப அவர் ஏதாவது மாத்திரை சாப்பிட்டாரா?" மைதிலி கையிலிருந்த மாத்திரை அட்டையைக் காட்டினார்.

நாகம்மாளின் கண்ணுக்குள் மஞ்சள் பூசிய கல் நின்றது. காலில் விழுந்த தலைகள் நின்றன. இளநீர் டம்ளரைப் பிடித்த தன் கை நின்றது. அந்தக் கையை அவள் பார்க்க மறுத்தாள்.

"ஒண்ணும் சாப்புடல."

"சாப்ட்டான்மா." சம்பத்தின் குரல் அவனுக்கே புதியதாக இருந்தது. "எம் புள்ளைக்கு வலிப்பு. இதே மாத்திர. பூந்தமல்லில குடுத்தாங்கோ. அம்மான்னு ஆனதும் நிறுத்திட்டான்னு நெனச்சேன்." அவன் மனைவியைத் திரும்பிப் பார்த்தான். "நிறுத்தினியா நாகு?"

அவள் தாழ்வாரத்துச் சுவரோடு சுவராகச் சரிந்து உட்கார்ந்தாள். முப்பத்திரண்டு வருஷம் குடும்பம் நடத்தியவனுக்கு அந்த ஒன்றே போதும்.

ஜெகதாம்பாள் நாகம்மாளின் எதிரில் குந்தினாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்த நாகம்மாள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"எந் தங்கச்சிக்கு வலிப்பு. எங்க வீட்லயே வச்சு, எங் கையாலதான் இருபது வருசம் பாத்தேன். கடையில பிள்ளைய ஒருக்களிச்சுப் போட எனக்கு எப்படித் தெரிஞ்சுச்சுன்னு நெனச்ச? ஒரு வார்த்த, ஒரே ஒரு வார்த்த எங் காதுல போட்டிருந்தா நானே அந்த டாக்டர்ட்ட சொல்லியிருப்பேனே!"

யாரிடம் மறைக்க நாகம்மாள் தன் பெண்ணின் உயிரைப் பணயம் வைத்தாளோ, அவளிடம் மறைக்க வேண்டிய அவசியமே இருந்திருக்கவில்லை. விதி சில சமயம் இப்படித்தான் காது கேட்கச் சிரிக்கிறது.

தேவிப்பிரியா பிழைத்தாள். தோல் புதிதாக வந்தது. கண் வரவில்லை. இமைகளின் உட்புறம் காய்ந்து தழும்பேறி, பார்வையில் சாம்பல் பூத்தாற்போல ஆகிவிட்டது. கண்ணீர் சுரக்கும் இடமெல்லாம் வெந்துபோயிருந்தது. இனி மணிக்கொரு தடவை சொட்டு மருந்து விட வேண்டும். வெளிச்சம் பட்டால் ஊசி குத்தும். கல்யாண நாள் ஆஸ்பத்திரி நாட்களில் ஒன்றாகக் கழிந்தது. வெங்கட் முதலில் தினமும் வந்தான். பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் வந்தான். பிறகு போன் செய்தான். பிறகு அதுவும் குறைந்தது. ஜெகதாம்பாள் மட்டும் வந்து, படுக்கையருகில் உட்கார்ந்துவிட்டு, மகனுக்காக வெட்கப்பட்டுத் திரும்பிப் போனாள்.

வீட்டுக்கு அனுப்பும் நாளில் மைதிலி நாகம்மாளைத் தனியே அழைத்து, அந்த மாத்திரையின் பெயரைத் திரும்பத் திரும்பச் சொல்ல வைத்தார். "கார்பமசெபைன். எங்க, சொல்லுங்க." நாகம்மாள் சாமி மந்திரம்போல முணுமுணுத்து மனப்பாடம் செய்தாள். "உங்க ரத்த சொந்தம் எல்லாருக்கும் சொல்லுங்க. இது வலிப்புக்கு மட்டும் இல்ல, வேற சிலதுக்கும் கொடுப்பாங்க. முன்கூட்டியே ரத்தத்துல பார்த்துக்கிற பரிசோதனை இருக்கு. முக்கியமா, கூடப் பிறந்தவங்க இருக்காங்களா?"

"ஒரு தம்பி."

"இன்னிக்கே சொல்லிடுங்க."

சொல்லவில்லை. தம்பிக்கு அதைச் சொன்னால் கல்லைப் பற்றிச் சொல்ல வேண்டும். கல்லைப் பற்றிச் சொன்னால் இளநீரைப் பற்றிச் சொல்ல வேண்டும். "உன் தம்பி, நீயே சொல்லு" என்று சம்பத்தும் ஒதுங்கிக்கொண்டான். நாளைக்கு, நாளைக்கு என்று ஆடி வந்துவிட்டது.

அப்பாவு வழக்கம்போல லாரியில் அண்டாவோடு வந்து இறங்கினான். பந்தல் நிறையக் கூட்டம். தேவிப்பிரியாவின் கண்ணை மட்டும் எடுத்துக்கொண்டு உயிரை அம்மன் விட்டுவைத்தாள் என்று ஊர் கூடுதலாக ஒரு கதை கட்டியிருந்தது. அதனால் கூட்டமும் கூடுதல். தேவிப்பிரியா கறுப்புக் கண்ணாடியோடு உள்ளறையில் ஜன்னலைச் சாத்திக்கொண்டு கிடந்தாள். ஆஸ்பத்திரியிலேயே அவளுக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. அன்றிலிருந்து தாயிடம் அவள் ஒரு சொல் பேசவில்லை.

"இன்னாடா, கன்னம் இப்டி வீங்கிகீது?" என்றாள் நாகம்மாள், முதல் செம்புக் கூழைத் தம்பியிடம் நீட்டி.

"அத்த ஏங்கா கேக்கற! ரெண்டு மாசமா மூஞ்சில கரண்ட் வெச்ச மாரி சுரீர் சுரீர்னு இழுக்குது. பல்லுன்னு நெனச்சு ரெண்டு பல்ல புடுங்கிப்புட்டான் பாவி. அப்பால பார்த்தா நரம்பாம். இப்ப ஒரு டாக்டர் மாத்திர குடுத்துகிறாரு பாரு... தெய்வம்கா அந்தாளு! நாலு நாளா நிம்மதியா சோறு துன்றேன்."

நாகம்மாளின் கையிலிருந்த செம்பு சாய்ந்து கூழ் மண்ணில் ஓடியது.

"இன்னா மாத்திர?"

"யாருக்குத் தெரியும்? இந்தா." சட்டைப் பையிலிருந்து அட்டையை எடுத்தான். நாகம்மாளுக்கு இங்கிலீஷ் தெரியாது. அதைப் பிடுங்கி, கூழ் வாங்க நின்றிருந்த எதிர்வீட்டுக் கல்லூரிப் பெண் லாவண்யாவிடம் நீட்டினாள். "இத்த படிம்மா."

"கார்... கார்பமசெபைன்மா."

பந்தலில் மைக் பாடிக்கொண்டிருந்தது. பம்பைக்காரர் பம்பையின் தோலுக்குச் சூடு காட்டிக்கொண்டிருந்தார். ஒரு கர்ப்பிணிப் பெண் கல்லின் முன் விழுந்து கிடந்தாள். வாயை மூடிக்கொண்டிருந்தால் இத்தனையும் அப்படியே இருக்கும். தம்பி மட்டும் இருக்க மாட்டான்.

"இத்த துன்னாதடா."

"இன்னாக்கா?"

"துன்னாத. நம்ம ரத்தத்துக்கு ஆவாது இது. தேவிக்கு இதான். தமிழரசுக்கும் இதான்."

அப்பாவு சிரித்தான். "தமிழரச ஆத்தா எடுத்துகினாக்கா. இன்னா ஒளர்ற?"

"ஆத்தா எடுக்கலடா! அவனுக்கு வலிப்பு. அதுக்கு இந்த மாத்திர. ஒடம்பு வெந்துச்சு. அம்மான்னு நெனச்சேன். நெனச்சுகினே எள்நீர்ல கலந்து கலந்து நாந்தான்டா குடுத்தேன். நாந்தான்டா அவன..."

யாரோ மைக்கை நிறுத்தினார்கள். பம்பைக்காரர் எழுந்து நின்றார். அப்பாவு அக்காளைப் பார்த்தான், கல்லைப் பார்த்தான், தான் கட்டிய பந்தலைப் பார்த்தான். அவன் முகத்தில் பயம் வந்தது, பிறகு அவமானம் வந்தது, கடைசியில் அந்த இரண்டையும் மூடிக்கொண்டு கோபம் வந்து நின்றது.

"ஒம்போது வருசமா, இத்தினி ஜனத்த கூட்டியாந்து, என்ன இந்தக் கல்லுல உழுந்து கும்புட வெச்சியே. நீயெல்லாம் ஒரு அக்காவா?"

"நீதானடா மொத மொத சொன்ன..."

"நான் அழுவுறவளுக்குச் சொன்னேன்! நீ தெரிஞ்சுகினே நின்ன!"

தெரிந்துகொண்டு நிற்கவில்லை, ஆஸ்பத்திரியில்தான் தெரிந்தது என்று அவள் சொல்ல நினைத்தாள். அப்படியானால் ஆஸ்பத்திரியிலிருந்து வந்து இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்று அவன் கேட்பான். அண்டாவை அவன் காலால் எட்டித் தள்ளினான். கூழ் வேப்பமரத்தைச் சுற்றி ஓடியது. ஜனங்கள் காலைத் தூக்கிக்கொண்டு விலகினார்கள்.

அப்பாவு அந்த மாத்திரையை அதற்குப் பிறகு தொடவில்லை. ரத்தத்தைச் சோதித்தார்கள், அக்காள் சொன்ன அதே கூறு அவனுக்கும் இருந்தது. மருத்துவர் வேறு மருந்து மாற்றிக் கொடுத்தார். இன்றைக்கும் குத்தம்பாக்கத்தில் தண்ணீர் லாரி ஓட்டிக்கொண்டு திடமாக இருக்கிறான். நெமிலிச்சேரிப் பக்கம் லாரி வந்தாலும் அக்காள் வீட்டு வாசலில் நிறுத்துவதில்லை. தன் உயிரைக் காப்பாற்றியவள் என்று அவன் யாரிடமும் சொல்லவில்லை. பிள்ளைக்கு விஷம் வைத்துவிட்டு ஊரை ஏமாற்றியவள் என்று கேட்கிறவர்களுக்கெல்லாம் சொல்கிறான்.

ரயில் நிலையப் படிக்கட்டில் இப்போது நாகம்மாளின் கீரை உச்சிவெயில் வரை வாடிக் கிடக்கிறது. பக்கத்தில் பூ விற்கும் பார்வதம், வருகிறவர் போகிறவர் காதில் விழும்படி கேட்பாள்.

"இன்னாமே, அடுத்த வருசம் மாத்திரக் கோயில்ல கூழு உண்டா, கெடையாதா?"

நாகம்மாள் காதில் விழாதவள்போலக் கீரைமீது தண்ணீர் தெளிப்பாள். இடையிடையே எழுந்து வீட்டுக்கு ஓடுவாள். மணிக்கொரு தடவை சொட்டு மருந்து விட வேண்டுமே. சம்பத் பாலுக்குப் போனால் அந்த வேலைக்கு அவளை விட்டால் ஆள் இல்லை.

தேவிப்பிரியா மறுப்பதில்லை. கண்ணாடியைக் கழற்றிவிட்டு முகத்தை அண்ணாந்து காட்டுவாள். தாயின் விரல் இமையைப் பிரிக்கும். இரண்டு சொட்டு இந்தக் கண்ணில், இரண்டு சொட்டு அந்தக் கண்ணில். மருந்து வழிந்து கன்னத்தில் இறங்கும்போது, பார்க்கிறவர்கள் அவள் அழுகிறாள் என்றே நினைப்பார்கள். அவளால் அழ முடியாது. அவளுக்கும் சேர்த்து அழ வேண்டிய தாய்க்கோ, அந்த முகத்துக்கு முன்னால் அழும் தைரியம் இல்லை.

அந்த ஆடி கழிந்து ஒரு நாள், மருந்து விட்டு முடித்த கையை நாகம்மாள் எடுக்கும் முன், தேவிப்பிரியா அந்த மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். மாதக்கணக்கில் பேசாத வாய் திறந்தது.

"அண்ணன் வேணாம்னு சொல்லலியா?"

நாகம்மாளுக்குக் கேள்வி உடனே புரிந்தது. கையை இழுத்துக்கொள்ளப் பார்த்தாள். பெண் விடவில்லை.

"எள்நீர் குடுக்கச்சொல்ல. ஒரு தபாகூட வேணாம்னு சொல்லலியா அவன்?"

இந்த ஒரு கேள்வியை மருத்துவர் கேட்கவில்லை, கணவன் கேட்கவில்லை, தம்பி கேட்கவில்லை. தன்னிடம் தானேகூட அவள் கேட்டுக்கொண்டதில்லை. பொய் சொல்லிப் பழகிய நாக்கு ஒரு கணம் புரண்டது.

"சொன்னான்" என்றாள். "தெனம் சொன்னான். எரியுதும்மா, குடுக்காதம்மான்னு கைய தட்டி வுட்டான். மடியில போட்டு, மூக்க புடிச்சுகினு ஊத்தினேன்."

தேவிப்பிரியா மணிக்கட்டை விட்டாள். கண்ணாடியைத் தடவி எடுத்து மாட்டிக்கொண்டு சுவர்ப் பக்கமாகத் திரும்பிப் படுத்தாள். நாகம்மாள் மருந்து பாட்டிலின் மூடியைத் திருகி மூடிவிட்டு, அடுத்த மணி வரும் வரைக்கும் அங்கேயே, பெண்ணின் முதுகுக்குப் பின்னால், உட்கார்ந்திருந்தாள்.